மீர் சுல்தான் கான்

மீர் சுல்தான் கான் (இறப்பு: ஏப்ரல் 25, 1966) இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் புகழ்பெற்ற சதுரங்க ஆட்டக்காரர் ஆவார். இன்று பாகிஸ்தானில் உள்ள மிட்டா திவானா என்னும் ஊரில் பிறந்த இவர், சிப்பாய் தொடக்கத்திலும் ஒரு கட்டமே நகரும் இந்திய முறை ஆட்டத்தில் தேர்ந்தவர். 1929இல் தம் புரவலர் சர் உமர் ஹயாத் கானுடன் இலண்டன் சென்றார். ஐரோப்பிய விதிகளுக்குப் புதியவராக இருந்தும் அவ்வாண்டே பிரித்தானிய வாகையாளர் பட்டத்தை வென்றார். 1932, 1933ஆம் ஆண்டுகளிலும் அதனைப் பெற்றார். 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலக வாகையாளர் கப்பபிளாங்காவைத் தோற்கடித்தார்.

1933 இறுதியில் புரவலருடன் நாடு திரும்பியதும் இவரது பன்னாட்டு ஆட்டவாழ்வு முடிவுற்றது. பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பு 1950இல் முதன்முதலாக வழங்கிய பட்டங்களில் இவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. இறந்து 57 ஆண்டுகள் கழிந்த பின், 2024 பெப்ரவரியில் மதிப்புறு கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கப்பட்டது.