இடத்தை எண்ணிய கணித மேதை

ரஷ்யப் பேரரசின் கோப்ரின் ஊரில், 1899-ஆம் ஆண்டு, யூதக் குடும்பத்தில் பிறந்தவர் ஆஸ்கார் சாரிஸ்கி. இரண்டு வயதில் தந்தையை இழந்தார். தாயார் கடை நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார்.

புரட்சியும் போரும் கீவ் நகரப் படிப்பைக் குலைக்கவே, ரோமாபுரிக்குச் சென்றார். அந்நிய மொழியில் பயின்று 1924-ல் டாக்டர் பட்டம் பெற்றார். முசோலினி ஆட்சி வலுத்ததும், 1927-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகருக்குக் குடிபெயர்ந்தார்.

அங்குதான் அவர் பெயர் சொல்லும் கண்டுபிடிப்பு பிறந்தது. ஆறாம் படிச் சமன்பாடு தரும் இரண்டு வளைகோடுகள். இரண்டிலும் ஆறாறு கூர்முனைகள். எண்ணிக்கையில் வேற்றுமை இல்லை. ஆனால், ஒன்றின் ஆறு முனைகளும் நீள்வட்டம் போன்ற ஒரே இரண்டாம் படி வளைகோட்டின் மேல் அமைகின்றன. மற்றதில் அப்படி இல்லை. கலப்பெண் தளத்தில் இவற்றைச் சுற்றி நூல்களைச் சுழற்றுவதாகக் கொண்டால், முதலாவதில் சுற்றும் வரிசை மாறினால் விடையும் மாறும், இரண்டாவதில் மாறாது. இழுத்தாலும் வளைத்தாலும் அழியாத இந்த வேற்றுமையை 1929-லும் 1937-லும் வெளியான கட்டுரைகளில் நிலைநாட்டினார். முனைகள் எத்தனை என்பது போதாது, எங்கே என்பதும் வேண்டும் என்று தெளிவாயிற்று.

1935-ல் நூல் எழுதியபோது தம் ஆசான்களின் நிரூபணங்களில் ஓட்டைகளைக் கண்டார். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இயற்கணிதத்தைப் புதிதாகக் கற்று, அடித்தளத்தையே செப்பனிட்டார்.

இரண்டாம் உலகப் போரில் கோப்ரின் உறவினர் பலர் நாஜிகளுக்குப் பலியாயினர். அவர் பணி நிற்கவில்லை. 1947-ல் ஹார்வர்டு பேராசிரியரானார். உஜ்ஜயினியில் பிறந்த ஸ்ரீராம் அபயங்கர் அங்கே அவரிடம் பயின்றார். மாணவர்கள் ஹிரோனாகா, மம்ஃபோர்டு இருவரும் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றனர்.

சாரிஸ்கி 1986-ல் காலமானார்.