எண்களைக் கையில் கொடுத்த அம்மையார்

நம் வீட்டுச் சின்னஞ்சிறு தம்பியோ தங்கையோ ஒன்று, இரண்டு, மூன்று என்று இருபது வரை தடங்கலின்றிச் சொல்லக் கேட்டால் நாம் பூரித்துப் போகிறோம். விருந்தினர் வந்தால் அழைத்து நிறுத்திச் சொல்லச் சொல்கிறோம். ஆனால், தோழியரே, அதே குழந்தையிடம் தட்டிலுள்ள முறுக்குகளில் ஐந்தை எடுத்துத் தரும்படி கேட்டுப் பாருங்கள். கை நிறைய அள்ளிக் கொடுத்துவிட்டுச் சிரிக்கும். நாவிற்கு வந்த எண் இன்னும் கைக்கு வரவில்லை. எண்களை முதலில் கைக்குக் கொடுக்க வேண்டும் என்று உலகிற்குக் காட்டியவர் மரியா மாண்டிசோரி அம்மையார்.

இத்தாலி நாட்டில் கியாரவாலே என்னும் சிற்றூரில் 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை அலெசாண்ட்ரோ அரசாங்க அலுவலர். தாய் ரெனில்டே படிப்பில் பெருவிருப்பம் கொண்டவர். குடும்பம் ரோமாபுரியில் குடியேறியது. கணிதத்தில் ஆர்வம் மிக்க சிறுமி மரியா, பொறியியல் கற்கும் எண்ணத்துடன் ஆண்பிள்ளைகள் படித்த தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் அவர் மனம் மருத்துவத்தின்பால் திரும்பியது. பெண்ணுக்கு ஆசிரியைப் பணியே போதும் என்று எண்ணிய காலம் அது. தந்தைக்கு விருப்பமில்லை, தாயே துணை நின்றார். ஆண் மாணவர்களோடு சேர்ந்து பிணத்தை அறுத்துப் பார்ப்பது பெண்ணுக்குத் தகாது என்று தடுத்தார்கள். ஆகவே எல்லாரும் சென்ற பின்னர், மாலை வேளையில் தன்னந்தனியாக நின்று அந்தப் பாடத்தைக் கற்றார். 1896-ல் பட்டம் பெற்று, இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களுள் ஒருவராகத் திகழ்ந்தார்.

மருத்துவப் பணியின்போது, அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளை மனநோய் மருத்துவமனைகளில் கண்டார். தொட்டுப் பார்க்கவோ எடுத்து விளையாடவோ அவர்களிடம் ஒரு பொருளும் இல்லை. அவர்களுக்குத் தேவை மருந்து மட்டுமன்று, கல்வியும்தான் என்று தெளிந்தார். பிரெஞ்சு நாட்டு அறிஞர்களான இதார், செகேன் ஆகியோரின் நூல்களை ஊன்றிக் கற்று, கையால் தொட்டுப் பழகும் கருவிகளைக் கொண்டு பயிற்சி அளித்தார். அக்குழந்தைகளுட் சிலர் மற்றப் பிள்ளைகள் எழுதும் தேர்விலேயே தேறினர். ஊரார் வியந்தனர். அம்மையாருக்கோ வேறொரு கேள்வி எழுந்தது. இவர்களே இவ்வளவு கற்க முடிந்தால், நல்ல நிலையிலுள்ள குழந்தைகள் இதைவிட மேலே செல்லாமல் இருப்பது ஏன் என்று சிந்தித்தார்.

அதற்கு விடை காணும் வாய்ப்பு 1907-ல் கிட்டியது. ரோமாபுரியின் சான் லொரென்சோ பகுதி ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கமாக வாழ்ந்த இடம். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் சிறு குழந்தைகள் மாடிப்படிகளில் ஓடி, சுவர்களையெல்லாம் கிறுக்கினர். வீடுகளைப் புதுப்பித்த நிறுவனத்தார், அவர்களை ஓர் அறையில் கூட்டிப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அம்மையாரிடம் ஒப்படைத்தனர். ஜனவரி 6-ஆம் நாள், மூன்று அரசர்கள் திருநாளன்று, குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. பள்ளி வயது வராத சுமார் 50 குழந்தைகள் அங்கே சேர்ந்தார்கள்.

அம்மையார் அவர்களுக்கு எண்களை எவ்வாறு அறிமுகம் செய்தார்? பத்து மரக்கோல்களைக் கொடுத்தார். மிகச் சிறியது 10 சென்டிமீட்டர் நீளம். மிகப் பெரியது ஒரு மீட்டர். ஒவ்வொன்றும் முந்தியதைவிட 10 சென்டிமீட்டர் நீளம் கூடியது. கோல்களில் சிவப்பும் நீலமும் மாறிமாறி வண்ணம் பூசப்பட்டிருக்கும். குழந்தை அவற்றைத் தரையில் படிக்கட்டுப் போல அடுக்கி, வண்ணப் பகுதிகளைத் தொட்டு எண்ணும். ஐந்து என்பது வெறும் சொல்லாக இல்லாமல், நான்கைவிட நீண்டதும் ஆறைவிடக் குறுகியதுமான ஒரு பொருளாகக் கைக்கு வந்துவிடுகிறது. ஒன்பதாம் கோலின் நுனியில் ஒன்றாம் கோலை வைத்தால் பத்தின் நீளம் வருகிறது. எட்டோடு இரண்டு, ஏழோடு மூன்று, ஆறோடு நான்கு வைத்தாலும் அப்படியே. கூட்டல் என்ற சொல்லைக் கேட்கும் முன்னரே குழந்தை கூட்டல் கற்றுவிடுகிறது!

எண்ணின் வடிவத்தை அறிய, உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எண்களை விரலால் தடவிப் பழகுவார்கள். அதன்பின் வருவது குச்சிப் பெட்டி. அதில் சுழி முதல் ஒன்பது வரை பத்து அறைகள். குச்சிகள் மொத்தம் 45. ஒவ்வோர் அறையிலும் அதற்குரிய எண்ணிக்கையில் குச்சிகளை வைக்க வேண்டும். எங்கேனும் எண்ணிக்கை தவறினால் கடைசி அறைக்குக் குச்சி போதாது, அல்லது மிஞ்சும். தவற்றைப் பெட்டியே சொல்லிவிடும். ஆசிரியை கடிந்துகொள்ளத் தேவையில்லை. முதல் அறை மட்டும் வெறுமையாகவே இருக்கும். ஒன்றுமில்லை என்பதற்கும் ஓர் எண் உண்டு என்பதைக் குழந்தை கண்ணால் காண்கிறது. அதை உறுதிப்படுத்த ஒரு விளையாட்டும் உண்டு. தம்மிடம் சுழி முறை வருமாறு அம்மையார் கூப்பிடுவார். ஓடி வரும் குழந்தையிடம், ஒரு முறை வந்துவிட்டாயே என்று நினைவூட்டுவார். பொருள் புரிந்த பிறகு எல்லாரும் இருந்த இடத்திலேயே அசையாமல் அமர்ந்து சிரிப்பார்கள்.

பின்னாளில் பொன்னிற மணிகள் வந்தன. ஒன்றுக்கு ஒரு மணி. பத்துக்குக் கம்பியில் கோத்த மணிச்சரம். நூறுக்கு அத்தகைய பத்துச் சரங்கள் சேர்ந்த சதுரம். ஆயிரத்துக்குப் பத்துச் சதுரங்களை அடுக்கிய கனசதுரம். ஆயிரம் எவ்வளவு பெரியது என்பதை அதன் கனத்தைத் தூக்கிப் பார்த்தே நான்கைந்து வயதுக் குழந்தை அறிகிறது.

1908 டிசம்பர் 28 அன்று மெசினா நகரைப் பெரும் நிலநடுக்கம் அழித்தது. அநாதைகளான குழந்தைகள் பலரை, மரியின் பிரான்சிஸ்கன் மிஷனரி கன்னியர்கள் ரோமாபுரியிலிருந்த தங்கள் மடத்தில் ஏற்றுக்கொண்டனர். அச்சத்தால் ஒடுங்கிப் போயிருந்த அச்சிறுவர்களுக்கு அங்கே அம்மையாரின் முறையில் வகுப்பு நடைபெற்றது. இக்கன்னியர் சபை 1877-ல் நமது நீலகிரி மலையில், உதகமண்டலத்தில் தோன்றியது என்பது நாம் அறிந்து மகிழத்தக்க செய்தியாகும்.

அம்மையாரின் புகழ் உலகெங்கும் பரவியது, துன்பமும் தொடர்ந்தது. சர்வாதிகாரி முசோலினி முதலில் ஆதரவு காட்டினார். ஆனால் குழந்தைகளைப் போருக்கு ஆயத்தம் செய்யும் கல்விக்கு அம்மையார் இணங்கவில்லை. 1934-ல் இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியில் அவருடைய நூல்கள் கொளுத்தப்பட்டன. ஸ்பெயின் நாட்டில் வாழ்ந்தபோது 1936-ல் அங்கு உள்நாட்டுப் போர் மூண்டதால் ஹாலந்துக்குச் சென்றார்.

1939-ஆம் ஆண்டின் இறுதியில், டாக்டர் அருண்டேல், ருக்மிணி தேவி தம்பதியரின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாறுக்கு வந்தார். பல மாகாணங்களிலிருந்தும் சுமார் 300 பேர் பயிற்சிக்குக் கூடினர். அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் மாரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். தம் மகன் என்று வெளியே சொல்ல இயலாத நிலையில், மாரியோவைக் கைக்குழந்தையாக வேறொரு குடும்பத்தில் வளரவிட்டவர் அம்மையார். வாலிபப் பருவத்தில்தான் இருவரும் ஒன்றுசேர்ந்தனர். 1940 ஜூன் மாதம் இத்தாலி போரில் இறங்கியதும் ஆங்கில அரசு மாரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தது. அம்மையாரை அடையாறிலேயே தங்க வைத்தது. மீண்டும் பிரிவு! ஆகஸ்டு 31, அம்மையாரின் எழுபதாவது பிறந்தநாள். அன்று வைசிராய் மகனை விடுவித்ததே அவருக்குக் கிடைத்த பரிசு. 1942 முதல் 1944 வரை கொடைக்கானல் மலையில் தங்கி, அங்கும் குழந்தைகளோடு பணி செய்தார். எண்ணற்ற இந்திய ஆசிரியைகள் அவரிடம் பயின்று சென்றனர்.

போருக்குப்பின் ஐரோப்பா திரும்பிய அவர், மீண்டும் இந்தியாவுக்கு வந்து பயிற்சி அளித்தார். 1952 மே 6 அன்று ஹாலந்தில் நோர்ட்வைக் என்னும் கடற்கரை ஊரில் இறைவனடி சேர்ந்தார். அவ்வூர்க் கத்தோலிக்கக் கல்லறையில் துயில்கிறார். 1990-ல் இத்தாலி தன் ஆயிரம் லிரா நோட்டில் அவருடைய உருவத்தைப் பொறித்துப் பெருமை செய்தது.

அன்புச் சகோதரிகளே! மரக்கோலும் மணிச்சரமும் நம் வீட்டில் இல்லாமல் இருக்கலாம். புளியங்கொட்டை இருக்கிறது, பத்துக் கிண்ணங்களும் கிடைக்கும். இந்த விடுமுறையில் தம்பி தங்கையரை அருகில் அமர்த்தி, ஒவ்வொரு கிண்ணத்திலும் எண்ணி வைக்கச் சொல்வோம். ஒரு கிண்ணத்தை வெறுமையாக விட மறக்க வேண்டாம். தவறினால் அதட்டாமல் சற்றுப் பொறுத்திருப்போம். மீதிக் கொட்டையைப் பார்த்து அதுவே திருத்திக்கொள்ளும். கணக்கென்றால் அஞ்சி நடுங்கும் பிள்ளை நம் வீட்டில் வளராதிருக்கட்டும். அதுவே அந்த அம்மையாருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.