சங்கீதங்களைத் தமிழில் வார்த்த பப்ரிசியஸ்

இறைவனை நாள்தோறும் நினைப்பதற்கு ஒவ்வொரு சமயமும் பாராயண நூல் ஒன்றைப் போற்றி வருகிறது. கிறிஸ்தவ மரபில் அந்த இடம் விவிலியத்தின் சங்கீதப் புத்தகத்திற்கு உரியது. கத்தோலிக்கர் இதனைத் திருப்பாடல்கள் என்பர். இதில் உள்ள பாடல்கள் 150. பல பாடல்கள் தாவீது அரசரின் பெயரால் வழங்குகின்றன. இவை முழுவதையும் ஒரு வாரத்தில் ஓதி முடிப்பது மேலைநாட்டுத் துறவியரின் பழமையான நியமம். ஆங்கிலிகன் சபையின் ஜெபப் புத்தகம் இவற்றைக் காலைக்கும் மாலைக்குமாகப் பிரித்து, 30 நாட்களில் நிறைவு பெறுமாறு வகுத்துள்ளது. நெல்லை, நாகர்கோவில், திருவனந்தபுரம், சென்னை எனத் தமிழ்க் கிறிஸ்தவர் வாழும் ஊர்களில், குடும்ப ஜெபத்தின்போது நாளுக்கொரு சங்கீதம் வாசிக்கும் இல்லங்கள் உண்டு.

அந்த வாசிப்பில் ஒலிக்கும் தமிழுக்கு அடித்தளம் இட்டவர்களுள் முதன்மையானவர் ஜோகன் பிலிப் பப்ரிசியஸ். 1711ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிறந்த அவர் முதலில் சட்டம் பயின்றார். பின்னர் இறைப்பணியில் நாட்டம் கொண்டு ஹாலே நகரில் இறையியல் கற்றார். வேதவாசிப்பும் ஜெபமும் அன்றாட ஒழுக்கமாகப் போற்றப்பட்ட சூழல் அது. 1740இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். 1742 முதல் சென்னை வேப்பேரியே அவருடைய பணிக்களமாயிற்று. இல்லறம் ஏற்காமல் எளிய வாழ்க்கை வாழ்ந்தார்.

அவருக்கு முன்பே சீகன்பால்கும் ஷூல்ட்சேயும் விவிலியத்தைத் தமிழாக்கியிருந்தனர். எனினும் அந்நடை இன்னும் செம்மை பெற வேண்டும் என்று பப்ரிசியஸ் உணர்ந்தார். எபிரேய, கிரேக்க மூலங்களை ஒப்புநோக்கி அதனைப் புதிதாக உருவாக்கத் தொடங்கினார். கற்றவர், கல்லாதவர் இருசாராரையும் கேட்கச் செய்து சொற்களைத் திருத்தினார். ஓதப்படும் நூல் செவிக்கும் இசைய வேண்டும் அல்லவா?

அமைதியான சூழலில் நடந்த பணி அன்று அது. 1746இல் பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றியபோது அவர் பழவேற்காட்டில் அடைக்கலம் புக நேர்ந்தது. 1758இல் தொடங்கிய முற்றுகையின்போது வேப்பேரி சூறையாடப்பட்டது. மீண்டும் பழவேற்காடே புகலிடமாயிற்று. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது கிடைத்த அச்சுப்பொறி வேப்பேரி மிஷனுக்கு வழங்கப்பட்டது. அவர் தமிழாக்கிய ஜெர்மானிய ஞானப்பாட்டுகளும், புதிய ஏற்பாடும், 1779இல் தமிழ்-ஆங்கில அகராதியும் வெளிவந்தன. பழைய ஏற்பாட்டின் முதற்பகுதி 1777இல் அச்சேறியது.

முதுமையில் பெருந்துன்பம் வந்தது. மிஷன் பணத்தையும், பிறர் நம்பி ஒப்படைத்த பணத்தையும் அவர் வட்டிக்குக் கொடுத்திருந்தார். கடன் பெற்றவர்கள் திருப்பித் தரவில்லை. தமக்கென எதையும் சேர்த்துக்கொள்ளாதவர் கடனாளியாகிச் சிறை புகுந்தார். நல்லெண்ணம் மட்டும் போதாது, பொதுப் பணத்தைக் கையாள விழிப்பும் வேண்டும் என்பதை அந்த முதியவரின் வாழ்வு வருத்தத்துடன் காட்டுகிறது. 1788இல் பொறுப்பைக் கெரிக்கேயிடம் ஒப்படைத்து ஓய்வு பெற்றார். 1791 ஜனவரியில், 80ஆம் வயது நிறைந்த நிலையில் மறைந்தார். பழைய ஏற்பாட்டின் இறுதிப்பகுதி 1796இல்தான் வெளிவந்தது. அதை அச்சில் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை.

பின்னாளில் பீட்டர் பெர்சிவல் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரின் துணையுடன் 1850இல் வேறொரு மொழிபெயர்ப்பைக் கொணர்ந்தார். ஆயினும் ஹென்றி பவர் முதலியோர் உழைத்து 1871இல் வெளியான பதிப்பு பப்ரிசியஸின் தமிழையே அடிப்படையாகக் கொண்டது. பல தலைமுறைகளின் நாவில் நிலைபெற்றது அதுவே.

சங்கீதங்கள் துதியை மட்டும் பாடுவன அல்ல. 23ஆம் பாடல் இறைவனை மேய்ப்பராகக் கண்டு மகிழ்கிறது. 51ஆம் பாடல் செய்த பாவத்திற்காகக் கசிந்துருகுகிறது. 130ஆம் பாடல் துன்பத்தின் ஆழத்திலிருந்து இறைவனைக் கூவி அழைக்கிறது. வரிசையாக ஓதுபவர் தம் மனநிலைக்கு ஏற்பப் பாடலைத் தேர்ந்துகொள்வதில்லை. மகிழ்ச்சியான நாளில் புலம்பலின் முறை வரலாம். அப்போது துன்புறும் பிறருக்காக அவர் வேண்டுகிறார். துயரமான நாளில் துதியின் முறை வரலாம். அப்போது தம்மினும் பெரிய ஒன்றைப் பற்றிக்கொள்கிறார். நாள் தவறாத பாராயணத்தின் பயன் இதுவே.

ஆழத்திலிருந்து எழும் அந்தக் குரலுக்குத் தமிழ்ச் சொற்களைத் தேடித் தந்தவர், தாமும் அந்த ஆழத்தில் நிற்க நேர்ந்தது. அவர் பட்ட கடன் அவரோடு முடிந்தது. அவர் தந்த சொற்களோ இன்றும் யாரோ ஒருவருடைய விடியற்காலை வேண்டுதலுக்குத் துணை நிற்கின்றன.