தில்லிக் குடிநீரின் பாடத்தை நாட்டுக்கு உணர்த்திய மருத்துவர்

புதுதில்லி: பாக்டீரியா சோதனையில் தேறிவிட்ட குடிநீரும் உயிரைப் பறிக்கக் கூடும். தலைநகரைத் தாக்கிய பெருந்துயர் ஒன்றின் மூலம் இந்த உண்மையை ஆராய்ந்து பதிவு செய்தவர் டாக்டர் ராமன் விஸ்வநாதன்.

1899-ல் பிறந்த விஸ்வநாதன், இந்தியாவில் நெஞ்சக நோய் மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்படுபவர். தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள வல்லபபாய் படேல் நெஞ்சக நோய் நிறுவனத்தின் முதல் இயக்குநர். 1953 ஜனவரியில் அன்றைய மத்திய சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் திறந்து வைத்த அந்நிறுவனம், அவரது தலைமையில் நாட்டின் முக்கிய ஆய்வு மையமாக வளர்ந்தது. ஆயினும், அவரது பெயரை உலக மருத்துவ ஏடுகளில் நிலைக்கச் செய்தவற்றுள் ஒன்று நுரையீரல் ஆய்வு அன்று. தில்லியின் மஞ்சள் காமாலை.

1955-ல் பெருவெள்ளத்துக்குப் பின் யமுனை தன் போக்கை மாற்றிக்கொண்டது. வஜீராபாத் குடிநீர் நிலையத்துக்குக் கீழே ஆற்றில் சேர வேண்டிய நஜப்கர் வடிகாலின் சாக்கடை, நவம்பர் மாதத்தில் பின்னோக்கிப் பாய்ந்து, நிலையம் நீர் எடுக்கும் இடத்தை எட்டியது. ஆபத்தை உணர்ந்த பொறியாளர்கள் படிகாரத்தையும் குளோரினையும் கூட்டினர். அதன் பயனாக டைபாய்டும் வயிற்றுக்கடுப்பும் பெருகவில்லை. நகரம் தப்பியது என்றே தோன்றியது.

ஆனால் டிசம்பரிலும் ஜனவரியிலும் மஞ்சள் காமாலை தலைவிரித்தாடியது. சுமார் 29,300 பேர் பாதிக்கப்பட்டனர். விஸ்வநாதன் நோயின் பரவலை விரிவாக ஆராய்ந்து, 1957-ல் முடிவுகளை வெளியிட்டார். நீரில் சாக்கடை கலந்த நாள்களுக்கும் நோய் உச்சம் தொட்டதற்கும் இடையே சுமார் ஆறு வார இடைவெளி இருந்தது. கிருமி உடலில் வளர எடுத்துக்கொள்ளும் காலம் அது. குழந்தைகளைவிட இளம் வயதினரே அதிகம் பாதிக்கப்பட்டனர். கர்ப்பிணிகளிடையே உயிரிழப்பு மிகுந்திருந்தது.

பாக்டீரியாவை அழித்த குளோரின் வைரசிடம் தோற்றதற்குக் காரணம் உண்டு. சாக்கடையில் உள்ள அமோனியாவும் கரிமப் பொருள்களும் குளோரினை முதலில் தின்றுவிடுகின்றன. கலங்கல் துகள்களுக்குள் வைரஸ்கள் பதுங்கிக்கொள்கின்றன. அவற்றை அழிக்க நீர் தெளிவாக இருக்க வேண்டும். எஞ்சும் குளோரின் போதிய அளவிலும் போதிய நேரமும் நீரில் நிற்க வேண்டும்.

அந்நாளில் இதனை ஏற்கெனவே அறியப்பட்ட தொற்றுக் காமாலை என்றே மருத்துவ உலகம் கருதியது. பாதுகாக்கப்பட்டிருந்த அக்கால ரத்த மாதிரிகளை 1980-ல் சோதித்தபோது அது ஹெபடைடிஸ் ஏ அல்ல என்பது தெரியவந்தது. 1983-ல் சோவியத் விஞ்ஞானி மிகைல் பலயான் புதிய வைரசை அடையாளம் காட்டினார். அதுவே இன்று ஹெபடைடிஸ் இ. அதைக் காண விஸ்வநாதன் இல்லை. 1982-ல் அவர் காலமானார்.

இடைப்பட்ட ஆண்டுகளில், உயர்ந்த மலைப்பகுதிகளில் பணிபுரியும் ராணுவ வீரர்களின் நுரையீரலில் நீர் கோக்கும் நோயையும் அவர் ஆராய்ந்தார். 1974-ல் பத்மபூஷண் விருது அவருக்கு வழங்கப்பட்டது.

குடிநீருக்கான இந்தியத் தர அளவு, எஞ்சும் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்கிறது. வைரசிலிருந்து பாதுகாப்பு தேவைப்படும்போது 0.5 மில்லிகிராம் வேண்டும் என்கிறது. ஆனால் அளவு நிர்ணயித்தால் மட்டும் போதாது. நஜப்கர் வடிகால் இன்றும் யமுனையில் கலக்கிறது. ஆற்றில் அமோனியா கூடும்போதெல்லாம் வஜீராபாத்தில் குடிநீர் உற்பத்தி குறைக்கப்படுகிறது. சாக்கடையை ஆற்றில் விட்டுவிட்டுக் குளோரினை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதே 1955 புகட்டிய பாடம். ஆட்சிகள் பல மாறியும் அந்தப் பாடம் இன்னும் முழுமையாகக் கற்கப்படவில்லை.