காப்பியைக் காப்பாற்ற முடியாத மனிதர்

நான் சுங்கை பெசார் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவன். ஒரு பள்ளி விடுமுறையில் அப்பாவோடு வேலைக்காட்டுக்குப் போனபோது, ஒரு மரத்தின் அடியில் தட்டுத் தட்டாக ஒட்டியிருந்த காளானை அவர் காட்டினார். மேலே மட்டைகள் தளர்ந்து பாவாடை போலத் தொங்கின. இந்த மரம் இனித் தேறாது என்று சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டார்.

அந்தக் காளானின் பெயர் கானோடெர்மா என்றும், அது வெளியே தெரியும்போது தண்டின் உள்பகுதி பெருமளவு அழுகிப் போயிருக்கும் என்றும் பிறகுதான் படித்தேன். பயிர்களைத் தாக்கும் பூஞ்சணங்களைப் பற்றித் தேடியபோது ஒருவரின் பெயர் மீண்டும் மீண்டும் வந்தது. அவர் ஹாரி மார்ஷல் வார்டு. அவர் கதையில் நம் மக்களின் கதையும் கலந்திருக்கிறது.

வார்டு 1854-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஹெரபோர்டு நகரில் பிறந்தார். தந்தை இசைக் கலைஞர். வீட்டில் வசதி குறைவு. பதினான்கு வயதில் பள்ளியை விட்டார், படிப்பை விடவில்லை. மாலை வகுப்புகளுக்குப் போனார். லண்டனில் புகழ்பெற்ற அறிஞர் ஹக்ஸ்லியிடம் பாடம் கேட்டார். உதவிச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜில் சேர்ந்து, 1879-இல் முதல் வகுப்பில் தேறினார். மறு ஆண்டே இலங்கையிலிருந்து ஒரு பெரிய பொறுப்பு அவரைத் தேடி வந்தது.

அன்று இலங்கையின் மலைநாடு முழுவதும் காப்பி. காடுகளை அழித்து, மலைக்கு மலை ஒரே பயிரை நட்டிருந்தார்கள். அங்கே பழம் பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து, காட்டு வழியே நடந்து மலையேறிய நம் மக்கள். 1869-இல் காப்பி இலைகளின் அடிப்பக்கம் ஆரஞ்சு நிறப் பொடி தென்பட்டது. தொட்டால் துருவைப் போல விரலில் ஒட்டும். இலை உதிரும், ஆண்டுக்கு ஆண்டு மரம் மெலியும், காய்ப்புக் குறையும். அந்தப் பூஞ்சணத்துக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார்கள். வாஸ்டாட்ரிக்ஸ் என்றால் நாசம் செய்வது என்று பொருள்.

காரணம் என்ன? மண் களைத்துவிட்டது என்றார்கள் சிலர். வானிலை சரியில்லை என்றார்கள் வேறு சிலர். உண்மையைக் கண்டறியும் வேலை 1880-இல் வார்டிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. காலக்கெடு இரண்டு ஆண்டுகள்.

அவர் ஊகத்தை நம்பவில்லை. கண்ணாடித் தகடுகளில் பிசுபிசுப்பான கிளிசரினைத் தடவிக் காப்பி மரங்களுக்கிடையே தொங்கவிட்டார். அவற்றைப் பிறகு நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஆரஞ்சு நிற வித்துத் துகள்கள் ஒட்டியிருந்தன. நோய் காற்றில் பறந்து வருகிறது என்பது தெரிந்தது. அடுத்து, நல்ல இலைகளில் தண்ணீர்த் துளியோடு அந்த வித்துகளை வைத்துப் பார்த்தார். ஈரத்தில் வித்து முளைத்தது. அதன் மெல்லிய இழை, இலை மூச்சுவிடும் நுண்துளை வழியே உள்ளே நுழைந்தது. சில நாட்களில் மஞ்சள் புள்ளி தோன்றியது. அந்தப் புள்ளியிலிருந்து மீண்டும் ஆரஞ்சுப் பொடி வெளிவந்தது. நோயின் முழுச் சுற்றும் கண்முன்னே நிரூபணமானது.

ஆனால் தோட்ட முதலாளிகள் கேட்டது மருந்து. இழை உள்ளே புகுந்த பிறகு மருந்தால் பயனில்லை, அதற்கு முன்பே இலையைக் காக்க வேண்டும் என்று வார்டு கண்டுபிடித்தார். அதற்கு ஏற்ற நல்ல மருந்து அன்று கையில் இல்லை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை பிரான்சிலிருந்து உலகுக்குத் தெரியவந்தது 1885-இல். வார்டு இலங்கையை விட்டுப் போய் மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

காப்பி அழிந்தது. முதலாளிகள் பலர் கடனில் மூழ்கினார்கள். கூலியை நம்பி வந்த தமிழர்களில் பலர் வெறுங்கையோடு ஊர் திரும்பினார்கள். மற்றவர்கள் தேயிலைக்கு மாறினார்கள். இலங்கையில் நட்டப்பட்ட துரைமார் சிலர் மலாயாவுக்கு வந்து, நம் சிலாங்கூரில் காப்பித் தோட்டம் திறந்தார்கள். இங்கே காப்பி விலை சரிந்தபோது அந்த நிலங்களில் பால்மரம் ஏறியது. பால்மரம் சீவ ஆள் வேண்டியிருந்தது. நம் முன்னோர் கப்பலேறினார்கள். நம் குடும்பங்களை இங்கே கொண்டுவந்த காரணங்களில், இலையின் அடியில் இருந்த அந்த ஆரஞ்சுப் பொடியும் ஒன்று.

வார்டு தோற்றுத்தான் ஊர் திரும்பினார் என்று நினைத்தவர்கள் இருந்திருக்கலாம். அவர் சோர்ந்து உட்காரவில்லை. 1885-இல் கூப்பர்ஸ் ஹில் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியரானார். தோட்டத்து அல்லிப் பூச்செடியைத் தாக்கும் பூஞ்சணத்தை ஆராய்ந்து 1888-இல் எழுதினார். அதே ஆண்டு ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1895-இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பதவி கிடைத்தது. 1901-இல் தாவர நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1906-இல், ஐம்பத்திரண்டு வயதிலேயே மறைந்தார். தாவர நோயியலுக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவராக இன்று அவரை மதிக்கிறார்கள்.

அவர் வேலை நமக்குச் சொல்வது ஒன்றுதான். ஒரே பயிர் இடைவெளியின்றிப் பரந்து கிடந்தால், அது பூஞ்சணத்துக்கு வைத்த விருந்து. சுங்கை பெசாரில் நின்று பாருங்கள். ஒரு பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் நெல். இன்னொரு பக்கம் செம்பனை. நெல்லுக்குக் குலை நோய், செம்பனைக்குக் கானோடெர்மா. இரண்டுமே பூஞ்சணத்தின் வேலை. முற்றிய கானோடெர்மாவுக்கு இன்றும் முழுமையான மருந்து இல்லை. மறுநடவின்போது நோய் கண்ட அடிமரத்தையும் வேரையும் தோண்டி அகற்றுவதும், அறிகுறியை முன்கூட்டியே கண்டுபிடிப்பதும்தான் வழி.

அடுத்த முறை வீட்டுச் செடியில் ஒரு புள்ளியைக் கண்டால், மாணவர்களே, இலையைத் திருப்பி அடிப்பக்கத்தையும் பாருங்கள். பார்த்ததைத் தேதியோடு குறித்து வையுங்கள். வார்டும் இலையின் அடிப்பக்கத்திலிருந்துதான் தொடங்கினார். அப்பா காட்டிய அந்த மரத்துக்கு மருந்து கண்டுபிடிப்பவர், இன்று நம் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் படித்துக்கொண்டிருக்கலாம்.