கெல்வின் வாத்தியாரும் குளிரிலிருந்து எடுத்த சூடும்

பௌதிகம் படித்தவர்கள், படிக்காமலே பாஸ் பண்ணியவர்கள் எல்லோருக்குமே கெல்வின் என்ற பெயர் ஞாபகம் இருக்கும். செல்சியஸோடு 273 கூட்டினால் கெல்வின். கூட்ட மறந்து மார்க்கைக் கோட்டை விட்டவர்களில் அடியேனும் ஒருவன். அந்த 273க்குப் பின்னால் இருந்தவர் ஒரு கல்லூரி வாத்தியார், அதுவும் ஒரே இடத்தில் 53 வருஷம் பாடம் நடத்தியவர் என்பது அப்போது தெரியாது. குளிர் நாடுகளில் இன்று வீடுகளுக்கு வருகிற ஹீட் பம்ப் அவர் போட்ட கணக்கு என்பதும் தெரியாது. மலருக்கு ஏதாவது எழுதும்படி செயலாளர் கேட்டதும் இவர்தான் நினைவுக்கு வந்தார்.

வில்லியம் தாம்ஸன் என்பது அவரது இயற்பெயர். 1824 ஜூன் 26ல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தார். ஆறு வயதில் தாயை இழந்தார். அப்பா கணக்கு வாத்தியார். விவசாயக் குடும்பத்திலிருந்து முட்டி மோதிப் படித்து மேலே வந்தவர். அவருக்கு 1832ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலை கிடைக்க, குடும்பமே அங்கே குடிபோயிற்று. 1834ல் பையனின் பெயரும் அதே பல்கலைக்கழகப் பதிவேட்டில் ஏறியது. வயசு பத்து! அங்கே அந்தக் காலத்தில் சின்னப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வார்கள்தான். ஆனாலும் பத்து என்பது அவர்களுக்கே குறைச்சல்.

பிறகு கேம்பிரிட்ஜ். 1845ல் படிப்பு முடிந்ததும் பாரிஸ் போனார். பிரெஞ்சுக்காரரான கார்னோ நீராவி இயந்திரம் பற்றி 1824ல் எழுதிய சின்னப் புத்தகத்தைத் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கினார். கடைக்காரர்களுக்கு அந்தப் பெயரே தெரியவில்லை. கார்னோ 1832லேயே காலராவில் போய்ச் சேர்ந்திருந்தார். அவர் சொன்னது இதுதான்: சூடு உயர்ந்த இடத்திலிருந்து தாழ்ந்த இடத்துக்கு இறங்கும்போதுதான் அதிலிருந்து வேலை வாங்க முடியும். தாம்ஸன் விடாமல் அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டார். 1846ல், 22 வயதில், கிளாஸ்கோவில் பௌதிகப் பேராசிரியரானார். 1848ல் அவர் வகுத்த வெப்ப அளவைதான் இன்று நாம் கெல்வின் என்று சொல்வது. மகனை அந்த நாற்காலியில் உட்கார வைக்கப் பாடுபட்ட அப்பா 1849ல் காலமானார். அவரையும் காலராதான் கொண்டுபோயிற்று.

இனி 1852. அந்த வருஷம் செப்டம்பரில் அவருக்குக் கல்யாணம். டிசம்பரில் கிளாஸ்கோ தத்துவக் கழகத்தில் ஒரு கட்டுரை வாசித்தார். கட்டடங்களைக் காற்றோட்டத்தால் சிக்கனமாகச் சூடாக்குவதும் குளிர்விப்பதும் எப்படி என்பது விஷயம். சூடு இறங்கும்போது வேலை கிடைக்கிறது என்றால், நாம் வேலை கொடுத்துச் சூட்டை மேலே ஏற்றவும் முடியுமே என்பது அவர் யோசனை. கிணற்றில் தண்ணீர் இறைப்பதைப் போலத்தான். அவர் சொன்ன இயந்திரத்தில் இரண்டு சிலிண்டர்கள். முதலாவது வெளிக்காற்றை இழுத்து விரியச் செய்யும். விரிந்த காற்று வெளியே இருப்பதைவிடக் குளிர்ந்துவிடும். மெல்லிய இரும்புச் சுவர் வழியாக அந்தக் குளிர்ந்த காற்றுக்கு வெளிக்காற்றே சூடு கொடுக்கும். இரண்டாவது சிலிண்டர் அதை அமுக்கி, வெதுவெதுப்பாக அறைக்குள் விடும். ஃபாரன்ஹீட் 50 டிகிரிக் காற்றை 80 ஆக்க, உள்ளே போகும் வெப்பத்தில் 35ல் ஒரு பங்கு வேலை போதும் என்று கணக்குக் காட்டினார். அது குறையே இல்லாத இயந்திரத்துக்கான கணக்கு. நிஜ இயந்திரம் எதுவும் அதன் பக்கத்தில் வராது.

அவர் காலத்தில் அது யார் வீட்டுக்கும் வந்து சேரவில்லை. நிலக்கரி மலிவாகக் கிடைத்தது. அடுப்பில் போட்டால் போதும். 1920களின் கடைசியில் அதே ஸ்காட்லாந்தில் ஹால்டேன் என்கிற மின் பொறியாளர் தன் வீட்டில் ஹீட் பம்ப் வைத்துப் பார்த்தார். 1938ல் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகர மன்றத்தை ஆற்று நீரின் சூட்டால் சூடாக்கினார்கள். கிளாஸ்கோவை அடுத்த கிளைட்பேங்கில் இன்று கிளைட் ஆற்று நீரிலிருந்து குடியிருப்புகளுக்குச் சூடு எடுக்கிறார்கள்.

இன்றைய பெட்டியில் காற்றுக்குப் பதில் நம்ம ஃபிரிட்ஜில் ஓடுகிற மாதிரி ஒரு வாயு. உதாரணத்துக்குப் புரோப்பேன். அது மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும். அதனால் பனி பெய்யும்போதுகூட வெளிக்காற்றின் சூட்டை வாங்கி ஆவியாகிவிடும். கம்ப்ரஸர் அமுக்கியதும் கொதிப்பேறி, வீட்டுத் தண்ணீருக்குச் சூட்டைக் கொடுத்துத் திரவமாகும். பிறகு ஒரு குறுகலான வால்வு வழியாகப் போய் மறுபடி குளிரும். ஒரு யூனிட் கரண்டுக்கு சுமார் மூன்று யூனிட் சூடு கிடைக்கும்.

இதை எப்படி ஓட்டுவது என்பதற்கும் கெல்வின் கணக்கே வழிகாட்டி. வெளியே 5 டிகிரி, ரேடியேட்டர் தண்ணீர் 35 என்றால், 308ஐ 30ஆல் வகுக்கணும். பத்துக்கு மேல் வரும். தண்ணீர் 55 வேண்டுமென்றால் 328ஐ 50ஆல் வகுக்கணும், ஆறரைதான். நிஜத்தில் இதில் பாதிகூடக் கிடைக்காது, ஆனால் விகிதம் ஏறக்குறைய இதேதான். (செல்சியஸில் வகுத்தால் விடை தப்பு. மாணவர்கள் கவனிக்கவும்!) ஆகவே தண்ணீரை மிதமான சூட்டில் வைத்து, பெட்டியை நாள் முழுக்க நிதானமாக ஓடவிடணும். ரேடியேட்டர் பெரிசாக இருக்கணும்.

மகள் வீட்டுக்கு ஸ்காட்லாந்து போயிருந்தபோது, கரண்ட் மிச்சம் பிடிக்கிறேன் என்று ராத்திரி அதை அணைத்துவிட்டேன். விடிகாலையில் பல் கிட்டியது. உடனே போட்டு, தெர்மோஸ்டாட்டையும் ஒரேயடியாக ஏற்றினேன். மத்தியானம் வரை வீடு சூடேறவில்லை, மீட்டர் மட்டும் ஓடியது. போதாக்குறைக்கு வெளிப்பெட்டியிலிருந்து புகை வருகிறதென்று கத்தி ஊரைக் கூட்டினேன். அது புகையில்லை, கம்பிச்சுருளில் படிந்த பனியை அதுவே உருக்கிக்கொள்ளும்போது வருகிற ஆவி. நாம் செய்யவேண்டியது பெட்டியைச் சுற்றி இலை, பனி அடையாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார்.

தாம்ஸனுக்கும் கணக்குப் பிசகியதுண்டு. பூமி ஆறிவரும் வேகத்தை வைத்து அதன் வயசு இரண்டு கோடியிலிருந்து நான்கு கோடி வருஷத்துக்குள் என்றார். இன்று தெரிந்தது சுமார் 454 கோடி. மனைவி கல்யாணமான கொஞ்ச நாளிலேயே நோயில் விழுந்து, 1870ல் இறக்கும்வரை எழவில்லை. அட்லாண்டிக் கடலடித் தந்திக் கம்பிக்காக 1866ல் சர் பட்டம். 1892ல் பிரபு ஆனபோது, பல்கலைக்கழகத்தை ஒட்டி ஓடும் கெல்வின் ஆற்றின் பெயரையே எடுத்துக்கொண்டார். கேம்பிரிட்ஜ் மூன்று தடவை கூப்பிட்டும் கிளாஸ்கோவை விட்டுப் போகவில்லை.

1899ல், 75 வயதில், ஓய்வு பெற்றார். அதே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராகப் பெயரைப் பதிந்துகொண்டார். பத்து வயதில் ஏறிய அதே பெயர், 65 வருஷம் கழித்து, மறுபடி மாணவர் பட்டியலில். 1904ல் அங்கேயே வேந்தராகவும் ஆனார். 1907 டிசம்பர் 17ல் காலமானார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில், நியூட்டனுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள்.