புனித அருளானந்தர்

ஓரியூருக்குத் திருயாத்திரை போகும் நாம் அங்குள்ள செம்மணலைப் பக்தியோடு மடித்துக்கொண்டு வருகிறோம். அம்மண்ணில் இரத்தம் சிந்தப்பட்ட காரணத்தை எண்ணிப் பார்க்கிறோமா?

அருளானந்தர் 1647-இல் லிஸ்பன் நகரில் பிறந்து, போர்த்துக்கல் அரண்மனையில் வளர்ந்தவர். சேசுசபைக் குருவாகி 1673-இல் இந்தியா வந்தார். மதுரை மிஷனில் காவியுடுத்தி, மாமிசம் நீக்கி, பண்டாரசுவாமியாக வாழ்ந்தார்.

மறவ நாட்டுப் பிரபு தடியத்தேவர் கொடிய நோயினின்று குணமடைந்து ஞானஸ்நானம் கேட்டார். அவருக்கோ மனைவியர் பலர். சற்றே கண்டும் காணாமல் விட்டிருந்தால் திருச்சபைக்கு எத்தனை பாதுகாப்பு! நம்மைப் போன்ற குருக்கள் தடுமாறும் இடம் இதுவே. பரிசுத்தராகிய இறைவன் முன் பிரபுவுக்கொரு நீதி, குடியானவனுக்கொரு நீதி உண்டோ? ஒருத்தியோடு மட்டும் வாழச் சம்மதித்த பின்னரே, 1693 ஜனவரி 6-இல் தேவர் ஞானஸ்நானம் பெற்றார்.

விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதியின் உறவுப்பெண். அவள் பட்ட வேதனையை நாம் இலேசாக எண்ணலாகாது. அவள் முறையிட, அருளானந்தர் சிறைப்பட்டார். கரித்தூளைத் தண்ணீரில் குழைத்து, வைக்கோல் துரும்பால் தம் கடைசிக் கடிதத்தை எழுதினார். பிப்ரவரி 4-இல் ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது.